கணிதம் பெண்களுக்கு வராதா?

"பெண்களுக்கும் கணக்குக்கும் வெகு தூரம்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரித்திரத்தில் கணித மேதைகளாக விளங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்பதுண்டு. சொற்பந்தான். ஆனால், அந்தச் சிலரும் எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்று பார்த்தால், குறை எங்கே என்பது விளங்கிவிடும்.

பிரான்ஸ் தேசத்து ஸோபி ஜெர்மேன் 1776-ம் ஆண்டு பிறந்தவர். தந்தையின் புத்தகங்களை வைத்துக்கொண்டு தாமாகவே கணிதம் கற்றார். 1794-ல் பாரிஸில் தோன்றிய பெரிய கலாசாலை பெண்களைச் சேர்க்கவில்லை. பாடக் குறிப்புகளை வரவழைத்துப் படித்தார். "லெ பிளாங்க்" என்ற ஆண் பெயரில் கட்டுரை எழுதி அனுப்பினார். அதைக் கண்டு வியந்தவர் லக்ராஞ்ச் என்ற பேரறிஞர்.

ருஷ்யாவில் ஸோபியா கோவலெவ்ஸ்கயாவின் வீட்டில், குழந்தைகள் அறைச் சுவரில் ஒட்டக் காகிதம் போதவில்லை. தந்தை இளமையில் படித்த கணிதப் பாடத் தாள்களை எடுத்து ஒட்டினார்கள். அந்தச் சுவரே சிறுமிக்குப் பாட புத்தகமாயிற்று. 1889-ல் ஸ்டாக்ஹோம் நகரில் அவர் நிரந்தரப் பேராசிரியை ஆனார்.

சம்பளம் இல்லாத உத்தியோகம்

எம்மி நோய்தர் 1882-ல் ஜெர்மனியில் பிறந்தவர். தந்தை எர்லாங்கன் சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர். 1900-ல் அங்கே சுமார் ஆயிரம் மாணவர்கள் இருந்தார்கள், பெண்கள் இருவரே. அவர்களும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் அனுமதி பெற்று, வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம்; அவ்வளவுதான். 1907-ல் நோய்தர் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஏழு ஆண்டுகள் அங்கேயே சம்பளமின்றி உழைத்தார்.

1915-ல் கட்டிங்கன் நகருக்கு அவரை அழைத்தவர்கள் ஹில்பர்ட், கிளைன் ஆகிய கணிதப் பெரியார்கள். மொழி, சரித்திரப் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். "ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்க இது என்ன குளிக்கும் இடமா? சர்வகலாசாலை அல்லவா?" என்று ஹில்பர்ட் வெகுண்டதாகச் சொல்வார்கள். அப்படியும் பலிக்கவில்லை. வகுப்பு ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்படும். பாடம் நடத்துவது நோய்தர்!

அந்த நிலையில்தான் 1918-ல் அவர் ஓர் அரிய உண்மையை வெளியிட்டார். இயற்கையின் விதிகள் நேற்றுப் போலவே இன்றும் மாறாமல் இருப்பதன் பலனாகவே சக்தி அழியாமல் இருக்கிறது என்று கணித ரீதியாகக் காட்டினார். பௌதிகத்தின் அஸ்திவாரங்களில் அது ஒன்று. ஆயினும் அவருக்குச் சிறு சம்பளம் கிடைத்ததே 1923-ல்தான். 1933-ல் நாஜி அரசு, யூதர் என்பதால் அவரை நீக்கியது. அமெரிக்கா சென்ற அவர் 1935-ல் காலமானார்.

வீட்டில் புத்தகம் இல்லாவிட்டால்?

மூவருக்கும் கணிதம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்த அதிர்ஷ்டம் இல்லாத எத்தனை பெண்களின் அறிவு அடுப்படியோடு முடிந்ததோ, யார் கண்டார்கள்?

ஈரானில் மரியம் மிர்சாகானி படித்தது பெண்கள் பள்ளியில். ஆண்கள் பள்ளியில் நடப்பது போன்ற கணக்குப் பயிற்சி வேண்டுமென்று கேட்டபோது, தலைமை ஆசிரியை உடனே ஏற்பாடு செய்தார். 1936-ல் தொடங்கிய பீல்ட்ஸ் பதக்கத்தை, 2014-ல், முதன் முதலாகப் பெற்ற பெண் அந்த மாணவிதான்.

மேதை மறைந்த பின் புகழ்வது சுலபம். கேட்ட அன்றே பள்ளியில் இடமும், தகுதி வந்த அன்றே சம்பளமும் கொடுப்பதுதான் நியாயம். அதைச் செய்துவிட்டு, பெண்களுக்குக் கணக்கு வருமா என்று கேட்கட்டும்!