எழுபது வளைவும் ஒரு வால்ரஸும்

ஆபீஸ் உத்தியோகத்துக்கு வருகிறவன் முதலில் கற்றுக் கொள்ள வேண்டியது டைப்பிங் அல்ல, தலையாட்டுதல். மேலதிகாரி இங்கிலீஷில் ஒரு ஜோக் அடிக்கிறார். புரியவில்லை. சுற்றிலும் சிரிக்கிறார்கள். என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். இந்தக் கலையில் நான் டிஸ்டிங்ஷனில் பாஸான இடம் கொல்லிமலை.

வருஷம் 1998. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. செக்ஷனில் ஏழு பேர் ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் போட்டு ஒரு வேன் பிடித்தோம். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் சோளக்காடு போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

வேனில் டேப் ரிப்பேர். அக்கவுண்ட்ஸ் சீனியர் தன் டூ-இன்-ஒன்னைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மனுஷர் பட்டணத்து கான்வென்ட்டில் படித்தவர். நான் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். அவர் 'குட்மார்னிங்' சொன்னாலே எனக்கு வியர்க்கும்.

"இளையராஜா வைங்க ஸார்" என்றார் டெஸ்பாட்ச் கிளார்க்.

"மலைக்குப் போறப்போ பீட்டில்ஸ்தான்ப்பா. இந்தப் பாட்டைக் கேளு. இதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க உலகம் பூரா ஆளுங்க மண்டையை உடைச்சுக்கறாங்க."

பாட்டின் பெயர் 'ஐ ஆம் தி வால்ரஸ்'. அதில் முட்டை வருகிறது, பென்குயின் வருகிறது, போலீஸ்காரர்கள் வருகிறார்கள். நடுநடுவே பாடுகிறவர் தான் ஒரு வால்ரஸ் என்று அடித்துச் சொல்கிறார். வால்ரஸ் என்பது பனிக்கடலில் வாழும், மீசையும் தந்தமும் வைத்த ஒரு கனத்த பிராணி என்று இப்போது தெரியும். அன்றைக்கு, வால்மிளகு போட்ட ஏதோ ஒரு ரசம் என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதாவது வளைவில் விவாதம் தொடங்கியது. அது வியட்நாம் போருக்கு எதிரான பாட்டு என்றார் ஒருவர். இருபத்து மூன்றாம் வளைவில், போதை மருந்து சமாசாரம் என்று கட்சி மாறினார். முப்பத்தெட்டாம் வளைவில் விபூதி மணக்க ஹெட்கிளார்க் விழித்துக்கொண்டு, "நான்தான் அவன், அவன்தான் நீங்கற மாதிரி ஏதோ வருதே, அது அத்வைதம்யா" என்றார். ஐம்பத்து இரண்டில் டிரைவர் திரும்பாமலே, "வயித்து வலிக்காரன் கத்தற மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். எனக்கென்னவோ அதுதான் நியாயமாகப் பட்டது.

"நீ என்னப்பா சொல்றே?" என்று என் பக்கம் திரும்பினார் சீனியர்.

"ஆழமான கருத்து ஸார்" என்றேன். எழுபது வளைவுக்கும் தலையாட்டிக் கழுத்து வலி.

அந்தப் பாட்டின் கதை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது அந்த எழுபது வளைவையும் நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். 1967-ல் ஜான் லென்னனுக்கு, அவர் லிவர்பூலில் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மாணவன் லெட்டர் எழுதினான். எங்கள் வாத்தியார் வகுப்பில் பீட்டில்ஸ் பாட்டுக்கெல்லாம் பொருள் சொல்லச் சொல்கிறார் என்று. லென்னன் யோசித்தார். நம்மை உருப்படாதவன் என்ற பள்ளிக்கூடம், இப்போது நம் பாட்டுக்குக் கோனார் நோட்ஸ் போடுகிறதா? இருக்கட்டும். வேண்டுமென்றே தலையும் வாலும் இல்லாமல் வரிகளைக் கோத்தார். முடியுமானால் இதைக் கண்டுபிடிக்கட்டும் என்று நண்பரிடம் சொல்லிச் சிரித்தாராம்.

வால்ரஸை லூயிஸ் கரோலின் கவிதையிலிருந்து எடுத்திருந்தார். அந்தக் கவிதையில் வால்ரஸ்தான் வில்லன் என்பதே தனக்கு அப்புறம்தான் உறைத்தது என்று பின்னால் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷமே இன்னொரு பாட்டில், வால்ரஸ் நானில்லை, பால் மெக்கார்ட்னி என்று ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். ரசிகர்கள் அதற்கும் உரை எழுத உட்கார்ந்தார்கள்.

இது பரவாயில்லை. 1963-ல் 'லூயி லூயி' என்று ஒரு பாட்டைக் கிங்ஸ்மென் என்ற குழு பாடி ரெக்கார்ட் போட்டது. பாடினவர் குரல் யாருக்கும் புரியவில்லை. புரியாததால், ஆபாசமாகத்தான் இருக்க வேண்டும் என்று பையன்கள் முடிவு கட்டி, ஆளுக்கொரு கெட்ட வார்த்தை வரியை எழுதிப் பரப்பினார்கள். ஒரு அப்பா பதறிப்போய் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே புகார் எழுதினார். எஃப்.பி.ஐ. களத்தில் இறங்கியது. லேபரட்டரியில் ரெக்கார்டை வேகமாக ஓட்டினார்கள், மெதுவாக ஓட்டினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் விசாரித்துக் கடைசியில் எந்த வேகத்திலும் புரியவில்லை என்று ஃபைலை மூடினார்கள். பாடினவரைக் கூப்பிட்டு 'என்னப்பா பாடினே?' என்று மட்டும் கேட்கவில்லை. விஷயம் ரொம்பச் சாது. காதலியைப் பார்க்க ஊருக்குப் போகிறேன் என்று ஒரு கப்பல்காரன் மதுக்கடைக்காரனிடம் புலம்புகிறான். அவ்வளவுதான்!

ஆக, இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் பாட்டு புரியவில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனை தலையாட்டல் மிச்சமாகியிருக்கும்!

நம்ம ஊர் மட்டும் என்ன? 2008-ல் 'காதலில் விழுந்தேன்' படத்தில் விஜய் ஆண்டனி 'நாக்க முக்க' போட்டபோது தமிழ்நாடே ஆடியது. அர்த்தம் கேட்டவன் ஆடத் தெரியாதவன். 2010-ல் 'தமிழ்ப் படம்' வந்து, புரியாத வார்த்தைகளை மட்டுமே கோத்து ஒரு டூயட் போட்டுக் கேலி செய்தது. அதுவும் ஹிட். 'தன்னானே'வுக்கும் 'ஐலசா'வுக்கும் நம் தாத்தா யாரிடமாவது பொருள் கேட்டாரா?

கொல்லிமலைக்கு வருவோம். செம்மேட்டுக்குப் பக்கத்தில் டிரைவருக்குத் தெரிந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மலையாளி ஜனங்கள். கேரளாவைச் சொல்லவில்லை, இந்த மலைக்காரர்களுக்கு அதுதான் பெயர். வாசலில் ஒரு ஆயா உரலில் சாமை இடித்துக்கொண்டிருந்தார். இடிக்கிற தாளத்துக்கு ஒரு பாட்டு. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரே ஒரு சொல் 'ணங்'கென்று வந்து விழுந்தது.

சீனியர் டூ-இன்-ஒன்னை அணைத்தார். "என்னப்பா அது? திரும்பத் திரும்ப வருதே ஒரு வார்த்தை. நீதான் தமிழ் மீடியமாச்சே, சொல்லு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னிடம் அர்த்தம் கேட்கிறார்! தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "அது சங்ககாலச் சொல் ஸார். மலைத் தெய்வத்தைக் கூப்பிடறது. கொல்லிப் பாவைன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே..." என்று அளந்தேன். அவர் பாக்கெட் டைரியில் குறித்துக்கொண்டார். ஹெட்கிளார்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆயா உலக்கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், பொக்கை வாய் முழுக்க. "சாமியுமில்ல பூதமுமில்ல, சாமி. ஒலக்கைய இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்தறப்ப மூச்சு வுட வேண்டாமா? அந்தச் சத்தந்தான் அது."

வேனே சிரித்தது. நான் உரலுக்குள் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். சீனியர் மட்டும் சிரிக்கவில்லை. டைரியில் எழுதினதை அடித்துவிட்டு, என் தோளில் கை போட்டு மெதுவாகச் சொன்னார்: "விடுப்பா. வால்ரஸ் எனக்கும் புரிஞ்சதில்லை. காலேஜ்ல எவனோ பெரிய பாட்டுன்னான். நானும் தலையாட்டினேன்."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அதன் கீழே நின்று, எனக்கு நிஜமாகவே தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன். புறநானூற்றில் வன்பரணர் பாடியது. காட்டில் ஒரு வேடன் ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்துகிறான். யாரென்று தெரியாமலே பாணர்கள் அவன் முன்னால் வாத்தியம் வாசித்துப் பாடுகிறார்கள். பாட்டில் 'கோ' என்ற சொல் வந்ததும் வேடன் வெட்கப்பட்டுத் தலை குனிகிறான். கோ என்றால் அரசன். அவன்தான் ஓரி! கறியும் மதுவும் பொன்னும் மணியுமாக அள்ளிக் கொடுக்கிறான்.

"ஒரே ஒரு சொல். யாருக்குப் போய்ச் சேரணுமோ அவனுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு" என்றார் சீனியர். இந்தத் தடவை யாரும் தலையாட்டவில்லை. எல்லோருக்கும் புரிந்திருந்தது.

இத்தோடு முடித்தால் கதை சுபம். ஆனால் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது.

அந்த டூ-இன்-ஒன்னில் ரெக்கார்டிங் பட்டன் இருந்தது. கேஸட்டில் இரண்டாம் பக்கம் பாதிக்கு மேல் காலி. சாப்பாடு தயாராக ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஆயா பாடிக்கொண்டிருந்தார். எங்கள் ஏழு பேரில் ஒருவனுக்கும் அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கத் தோன்றவில்லை. இறங்கும்போது எழுபது வளைவுக்கும் மறுபடி வால்ரஸ்தான்.

அப்புறம் அந்த மலையில் சாமையும் தினையும் விளைந்த காடுகளில் மரவள்ளி பரவிவிட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பழைய விதைகளைத் திரட்டிக் காப்பாற்ற மலை மக்களோடு சேர்ந்து பாடுபட்டது. சாமை உமி நீக்க மெஷினும் கொண்டு வந்தது. பெண்களின் தோள்களுக்கு ரொம்ப நல்லது, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் மெஷினுக்குக் கை மாற்ற வேண்டியதில்லை. மூச்சு வாங்க வேண்டியதில்லை. பாட்டும் வேண்டியதில்லை.

இன்றைக்கு செல்போனில் வால்ரஸ் என்று தட்டினால் ஆயிரம் விளக்கம் வந்து விழுகிறது. ஆயாவின் பாட்டை எங்கே தட்டுவது? வரிகள் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ஆபீஸ் மாடிப்படி ஏறி மூன்றாம் மாடியில் நின்று மூச்சு விடும்போது மட்டும், அர்த்தமே இல்லாத அந்த ஒரு சத்தம் தானாக வாயில் வருகிறது.