தேடுபொறிக்குத் தெரியாத வாக்காளர்கள்

தேர்தல் நெருங்கினால் போதும், தொலைக்காட்சி விவாதங்களிலும் கட்சிகளின் ஐடி விங் பதிவுகளிலும் ஒரு வரைபடம் வந்துவிடுகிறது. கூகுள் ட்ரெண்ட்ஸில் இரண்டு தலைவர்களின் பெயரைக் கொடுத்து எடுத்த கோடுகள் அவை. எங்கள் தலைவரின் கோடு மேலே இருக்கிறது, ஆகவே வெற்றி எங்களுக்கே என்கிறார்கள். கருத்துக்கணிப்பு எடுக்க வருபவரிடம் மக்கள் பொய் சொல்லலாம், தேடுபொறியிடம் யார் பொய் சொல்லப்போகிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், அதை வைத்து வெற்றியாளரைச் சொல்வது தவறு. தேடாத கோடிக்கணக்கானவர்களை வாக்காளர் கணக்கிலிருந்தே நீக்கிவிடும் தவறு அது.

கூகுள் ட்ரெண்ட்ஸ், எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்வதே இல்லை. ஓர் இடத்தில், ஒரு காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்கிறது. உச்சம் தொட்ட நாளை 100 என்று வைத்து, மற்ற நாள்களை அதற்கேற்பக் குறைத்துக் காட்டுகிறது. அதற்கும் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை, ஒரு மாதிரியை மட்டுமே எடுக்கிறது. தேடியவர் வாக்காளரா, பள்ளி மாணவரா, எந்தத் தொகுதிக்காரர், ஆதரித்துத் தேடினாரா, திட்டுவதற்கு விஷயம் தேடினாரா என்பது எதுவும் அந்தக் கோட்டில் கிடையாது.

2016 ஜூன் 24 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது என்று பிரிட்டன் முடிவெடுத்த மறுநாள், ‘ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன?’ என்ற கேள்வி அங்கே அதிகம் தேடப்படுவதாகக் கூகுள் அறிவித்தது. எதற்கு வாக்களித்தோம் என்று தெரியாமலே பிரிட்டன் மக்கள் வாக்களித்துவிட்டார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. அப்படித் தேடியவர்கள் எத்தனை பேர், அவர்கள் வாக்களித்தவர்கள்தானா என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. வாக்களித்தவர்களில் 51.9 சதவீதத்தினரின் தீர்ப்பு ஒரு கோட்டை வைத்துக் கேலிக்கு உள்ளானது.

அமெரிக்காவின் கதை இன்னும் தெளிவானது. 2016 பிரச்சாரத்தின் பெரும்பகுதியில் ஹிலாரி கிளிண்டனைவிட டொனால்ட் ட்ரம்ப்பையே மக்கள் அதிகம் தேடினார்கள். ட்ரம்ப் வென்றதும், தேடல் தரவு அன்றே சொன்னது என்று எழுதினார்கள். உண்மையில் அந்தத் தேர்தலில் ஹிலாரிக்குத்தான் சுமார் 29 லட்சம் வாக்குகள் அதிகம். ட்ரம்ப்பை வெல்லவைத்தது மாநிலவாரியான தேர்வாளர் முறை. 2020இலும் ஜோ பைடனைவிட ட்ரம்ப்பே அதிகம் தேடப்பட்டார், ஆனால் தோற்றார். அந்த அக்டோபர் தொடக்கத்தில் அவருக்குக் கொரோனா தொற்று உறுதியானபோது அவரைப் பற்றிய தேடல் விண்ணுக்கு எகிறியது. அதிபருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களில், வாக்குச்சீட்டில் அவருக்கு எதிராகக் குறியிடக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

தேடலை வைத்துக் கணிக்கும் முயற்சிகளில் மிகவும் புகழ்பெற்றது தேர்தல் தொடர்பானதே அல்ல. எங்கே காய்ச்சல் பரவுகிறது என்று தேடல்களை வைத்துச் சொல்லும் ‘கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்’ 2008இல் வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புள்ளிவிவரத்தை முந்திக்கொண்டு அது சொன்னதைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். பிறகு அது சறுக்கத் தொடங்கியது. 2011 ஆகஸ்ட்டிலிருந்து 108 வாரங்களில் 100 வாரங்கள் அது காய்ச்சலைக் கூட்டியே சொன்னது என்று டேவிட் லேசர் குழுவினர் 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். 2015இல் அதை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் பற்றிய செய்தி பரபரப்பானால் உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களும் தேடுவார்கள். தேடுபொறி தானே எடுத்துக்கொடுக்கும் சொற்களும் எண்ணிக்கையைக் கூட்டும். இத்தனைக்கும் காய்ச்சலுக்கு வாராவாரம் உண்மையான எண்ணிக்கை வந்தது, கணிப்பைத் திருத்திக்கொள்ள வழி இருந்தது. தேர்தலோ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அதற்குள் கூட்டணி மாறுகிறது, கட்சி உடைகிறது, கையில் இருக்கும் போனும் மாறிவிடுகிறது. எதை வைத்துத் திருத்துவது?

தேடல் தரவே வீண் என்று நான் சொல்லவில்லை. வாக்களிக்கப் போவீர்களா என்று கேட்டால் போகாதவர்களில் பலரும் ‘போவேன்’ என்றுதான் சொல்கிறார்கள். எப்படி வாக்களிப்பது, எங்கே வாக்களிப்பது என்று தேடுபவர்கள் நிஜமாகவே போவதற்குத் தயாராகிறவர்கள். 2016 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில் இந்தத் தேடல் குறைந்திருந்ததைத் தரவு ஆய்வாளர் சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் தன் நூலில் காட்டியிருக்கிறார். அந்த மக்களின் வாக்குப்பதிவு அந்த ஆண்டு சரிந்தது. யாருக்கு வாக்கு என்பதை அல்ல, யார் வரப்போகிறார்கள் என்பதைத் தேடல் ஓரளவு சொல்லும்.

நம் ஊரில் ‘கூட்டம் ஓட்டாகாது’ என்பது அரசியல்வாதிகளுக்குப் பழகிய பாடம். எங்கு போனாலும் திரள் கூடிய சிவாஜி கணேசன் 1989இல் திருவையாற்றில் தோற்றார். தேடலுக்கும் அதே கதைதான். ‘விஜய்’ என்று தேடுபவருக்குப் பாட்டு வேண்டுமா, மாநாட்டுப் பேச்சு வேண்டுமா? ‘ஸ்டாலின்’ என்று தேடுபவரில் ரஷ்ய வரலாறு படிக்கும் மாணவரும் உண்டு. இவற்றைக்கூட ஓரளவு பிரித்துவிடலாம். பழக்கத்தால் விழும் வாக்கை எப்படிப் பிடிப்பது? 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலிலிருந்து இரட்டை இலைக்கே போட்டு வரும் ஒரு குடும்பம் அந்தச் சின்னத்தைப் போனில் தேட வேண்டிய அவசியமே இல்லை. உதயசூரியன் வீடுகளும் அப்படித்தான். புதிய முகம், புதிய சர்ச்சை ஆகியவற்றைத்தான் மக்கள் தேடுவார்கள். வாக்கு விகிதத்தையே சரியாகக் கணித்துவிட்டாலும் தொகுதிக் கணக்கு வேறு. 2024இல் தமிழ்நாட்டில் பாஜக 11 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓரிடமும் பெறவில்லை. திமுக அணி 39ஐயும் எடுத்தது.

எனக்குப் பெரிய கவலை, அந்த வரைபடத்தில் இல்லாதவர்கள் பற்றியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம்தான். அதன் பிறகு போன்கள் பெருகியிருக்கின்றன. ஆனால் வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது பெரும்பாலும் மகன் கையிலோ கணவர் கையிலோதான் இருக்கிறது. தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெண்களே அதிகம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் மூதாட்டியும் தேடல் கணக்கில் வருவதில்லை. அவர்களை விட்டுவிட்டு வெற்றி தோல்வி சொல்லி, முடிவு மாறி வந்தால் ‘பணம் விளையாடிவிட்டது’ என்று அவர்கள் வாக்கையே சந்தேகிப்பது பெரும் அநியாயம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2009இல் சேர்த்த 126ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை வாக்குக்குப் பிந்தைய கணிப்புகளை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாக்காளரிடம் கேட்டு எடுக்கும் கணிப்பை மனதில் வைத்து எழுதிய பிரிவு அது. யாரிடமும் எதுவும் கேட்காமல் கிடைக்கும் தேடல் வரைபடத்தை அது எதிர்பார்க்கவில்லை. 2024இல்போல ஏழு கட்டமாக ஆறு வாரம் தேர்தல் நடந்தால், முதல் கட்டம் முடிந்த மறுநாளே ‘தேடலில் முந்துகிறார்’ என்று ஒளிபரப்பி அடுத்த கட்ட வாக்காளரின் மனதைக் கலைக்கலாம். தேர்தல் ஆணையம் இதை உடனே கவனிக்க வேண்டும். வெற்றியைக் கணிக்க இந்த வரைபடத்தைக் காட்டும் ஊடகங்களும், எந்தச் சொல், எந்தத் தேதிகள், எந்தப் பகுதி என்பதையும், இது வாக்கு விகிதம் அல்ல என்பதையும் திரையிலேயே போட வேண்டும்.

இந்தத் தரவால் ஆணையத்துக்கு வேறொரு பயனும் உண்டு. ‘வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை’, ‘படிவம் 6’ போன்ற தேடல்கள் எந்தப் பகுதியில் திடீரென ஏறுகின்றன என்று பார்த்து, அங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர்களை வீடு வீடாக அனுப்பலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்கு முன்பே அனுப்ப வேண்டும். அப்படிப் போகிறவர்கள், போனே இல்லாத வீட்டின் கதவையும் தட்டிக் கேட்க வேண்டும்.