தசை என்ன சொல்கிறது?

"தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்பது நாட்டிலே வழங்கும் பழமொழி. பங்காளிகள் முட்டிக்கொண்டால் பஞ்சாயத்தார் இதைச் சொல்லித்தான் சேர்த்து வைக்கிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் இந்த இனிமைக்குள்ளே ஒரு நஞ்சு உண்டு. "அவன் நம் இரத்தம்" என்று தொடங்குகிற நாக்கு அங்கேயே நிற்பதில்லை. "இவள் எங்கிருந்தோ வந்தவள்" என்கிறது. "அவர்கள் வேறு இரத்தம்" என்கிறது. இரத்தத்துக்கு உயர்வும் தாழ்வும் கற்பிக்கிறது. காதலித்த பிள்ளைகளைப் பிரிக்கிறது. பிரிக்க முடியாதபோது கத்தியையும் எடுக்கிறது.

இரத்தம் என்றும் தசை என்றும் இத்தனை பேசுகிறார்களே, அந்தத் தசையையே ஒரு முறை கேட்டுப் பார்த்தால் என்ன? கேட்டார்கள், தோழர்களே! பஞ்சாங்கத்திலே அல்ல, ஆய்வுக்கூடத்திலே கேட்டார்கள். தசை சொன்ன பதிலைத்தான் இங்கே எடுத்து வைக்கிறோம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். கிளாஸ்கோ நகர மருத்துவமனையிலே, தீயிலே வெந்த உடலோடு ஓர் இளம் பெண். வெந்த இடத்தை மூடத் தோல் வேண்டும். உடன்பிறந்த அண்ணன் தம்பியைவிட நெருங்கிய தசை எது? சகோதரன் தோல் கொடுத்தான். சின்னஞ்சிறு துண்டுகளாக வைத்துத் தைத்தார்கள். முதலிலே பிடித்தது, பின்பு அழிந்தது. அதே சகோதரனிடமிருந்து மீண்டும் எடுத்து வைத்தார்கள். இம்முறை இன்னும் விரைவாக அழிந்தது. பீட்டர் மெடவாரும் தாமஸ் கிப்சனும் 1943-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். தசை ஆடியது உண்மை. ஆனால் அணைத்துக்கொள்ள ஆடவில்லை. அடித்துத் துரத்த ஆடியது! முதல் முறை கண்ட அன்னியனை நினைவில் வைத்திருந்து, மறுமுறை வேகமாகத் துரத்தியது. அந்த அன்னியன் யார்? கூடப் பிறந்தவன்!

1954 டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே ஜோசப் முர்ரே குழுவினர் ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள். பெற்றவர் எட்டாண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் உடன்பிறந்தவர்தான், ஆனால் வெறும் உடன்பிறப்பு அல்ல, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அந்த ஒற்றுமை இல்லாத உடன்பிறப்பாக இருந்திருந்தால், கிளாஸ்கோவின் கதையே பாஸ்டனிலும் நடந்திருக்கும்.

காரணம் என்ன? பாரிஸ் நகரிலே ழான் டோசே 1958-இல் அதன் முதல் நூலிழையைப் பிடித்தார். பலமுறை பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் இரத்தத்திலே, மற்றவர்களின் வெள்ளணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருக்கக் கண்டார். அணுவின் மேலே ஏதோ ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தே உடல் "நம்மவன், பிறன்" என்று பிரிக்கிறது. எச்.எல்.ஏ. என்று பிறகு பெயர் பெற்ற அந்தச் சீட்டுகளை எழுதும் மரபுக்கூறுகள் ஆறாம் குரோமோசோமிலே வரிசையாக அமர்ந்திருக்கின்றன. தந்தையிடமிருந்து ஒரு வரிசை, தாயிடமிருந்து ஒரு வரிசை. ஆகவே பெற்றவரும் பிள்ளையும் எப்போதும் பாதிப் பொருத்தம். உடன்பிறந்த இருவர் முழுதும் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று; பாதி பொருந்த வாய்ப்பு நான்கில் இரண்டு; ஒரு வரிசையும் பொருந்தாமல் போகவும் வாய்ப்பு நான்கில் ஒன்று! ஒரே வயிற்றிலே பிறந்து, ஒரே வட்டிலிலே உண்டு வளர்ந்தவர்களிடையே கூட இது சீட்டுக் குலுக்கல்தான். கோத்திரம் பார்த்து அந்தச் சீட்டு விழுவதில்லை.

இந்தச் சீட்டைப் படிக்கும் எளிய வழியை உலகுக்குத் தந்தவர் யார் தெரியுமா? 1929-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே பிறந்த பால் டெராசாகி. பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்தவர்கள். 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பி, முள்வேலி முகாம்களிலே அடைத்தது. பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். சிறுவன் டெராசாகியும் குடும்பத்தோடு அரிசோனாப் பாலைவன முகாமிலே மூன்றாண்டு கிடந்தான். என்ன குற்றம்? திருட்டா? சதியா? ஒன்றுமில்லை. இரத்தம்! "வேறு இரத்தம்" என்ற அதே இரண்டு சொற்கள்!

அந்தச் சிறுவன் வளர்ந்தான். 1964-இல், ஒரு மைக்ரோலிட்டர் அளவே சீரம் கொண்டு வெள்ளணுக்களின் அடையாளத்தைச் சோதிக்கும் முறையை ஜான் மெக்லெலண்டுடன் சேர்ந்து வெளியிட்டார். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதைக் கையாண்டன. 1969-இல் படேலும் அவரும் 225 சிறுநீரக மாற்றங்களைக் கணக்கெடுத்தார்கள். கொடுப்பவரின் அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் முன்னமே இருந்தவர்கள் 30 பேர். அவர்களிலே 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே பாழானது. எதிர்ப்பொருள் இல்லாத 195 பேரிலே பாழானது 8 மட்டுமே. அன்று முதல், கொடுப்பவரின் அணுவையும் பெறுபவரின் சீரத்தையும் கலந்து பார்க்காமல் கத்தியை எடுப்பது தவறு என்றாயிற்று.

அடுத்து நடந்ததைத்தான் நாம் மிக உயர்வாக மதிக்கிறோம். பொருத்தம் கூடக்கூடச் சிறுநீரகம் நிலைக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். டெராசாகியின் தொழிலே அந்த நம்பிக்கையின் மேல் நின்றது. 1970-இல் ஹேக் நகர மாநாட்டிலே அவர் எழுந்து, இறந்தோரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களிலே தம் கணக்கு அப்படிக் காட்டவில்லை என்று சொன்னார். தம் கடைச் சரக்கையே தாமே குறை சொன்னார்! விளைவு? அரசு ஆராய்ச்சி நிதி பறிபோனது. பணம் போயிற்று, கணக்கை அவர் மாற்றவில்லை. பின்னர் பல்லாயிரம் கணக்குகள் சேர்ந்து, முழுப் பொருத்தம் உள்ளவை நெடுநாள் நிலைக்கின்றன என்று தெரிந்தபோது, அதையும் அவர் குழுவே வெளியிட்டது. சாத்திரத்தைத் திருத்தச் சொன்னால் தலையைத் திருகும் கூட்டமே, இதற்குப் பெயர்தான் பகுத்தறிவு!

1995-இல் அதே டெராசாகி குழுவின் இன்னொரு கணக்கு. மூன்றாண்டு கழித்தும் வேலை செய்த சிறுநீரகங்கள் எத்தனை? பெற்றோர் தந்தவை 82 விழுக்காடு. இறந்தோரிடமிருந்து பெற்றவை 70. கணவனோ மனைவியோ தந்தவை 85! இரத்த உறவு இல்லை; பொருத்தமோ மிகக் குறைவு. ஆயினும் "எங்கிருந்தோ வந்தவள்" கொடுத்தது, பெற்றவர் கொடுத்ததற்கு ஒரு படியும் தாழாமல் உழைத்தது. மாயமில்லை. நலமுள்ள உடலிலிருந்து, கேடுறாமல், உடனுக்குடன் எடுத்துப் பொருத்திய உறுப்பு என்பதே காரணம். சைக்ளோஸ்போரின் போன்ற, உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் துணை நின்றன.

"பொருத்தமே வேண்டாமா?" எனின், வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றத்திலே அதுவே உயிர்நாடி. அங்கேதான் ஒரு படித்த வைதிகர் எழுந்து நிற்பார்: "பார்த்தீரா? எச்.எல்.ஏ. வகைகள் இனத்துக்கு இனம் மாறுகின்றனவாமே. இரத்தத் தூய்மை விஞ்ஞானந்தானே?" என்பார்.

மாறுவது உண்மை; மறைக்க மாட்டோம். அமெரிக்க மஜ்ஜைப் பதிவேட்டைப் பற்றிய 2014-ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஐரோப்பிய வழி வெள்ளையருக்கு முழுப் பொருத்தமுள்ள கொடையாளி கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு; தென், நடு அமெரிக்கக் கறுப்பருக்கு 16. ஆனால் இதிலே தூய்மை எங்கே இருக்கிறது? ஒருவர் சீட்டு உயர்ந்தது, மற்றவர் சீட்டு தாழ்ந்தது என்று எந்த நுண்ணோக்காடியும் சொல்லவில்லை. கறுப்பரின் சீட்டுகளிலே வகை அதிகம். பதிவேட்டிலே அவர்களின் பெயர் குறைவு. மருந்து என்ன? இன்னும் பலரைப் பதிவேட்டிலே சேர்ப்பது. வேலி போடுவது அல்ல. மேலும் கேளுங்கள், தூய்மையாளரே! தாய்வழிச் சீட்டும் தந்தைவழிச் சீட்டும் ஒன்றாயிருப்போரிடம் எச்.ஐ.வி. தொற்று விரைவாக முற்றுகிறது என்று 1999-இல் ஆய்ந்து கண்டார்கள். வேறுபட்ட சீட்டுகள் கலந்திருப்பதுதான் உடலுக்கு அரண்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவின் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றச் சட்டம் "நெருங்கிய உறவினர்" பட்டியலிலே தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தாரோடு மனைவியையும் கணவனையும் வைத்தது. நல்லது. நடந்தது என்ன? 1995 முதல் 2021 வரை உறுப்பு பெற்ற 36,640 பேரில் ஆண்கள் 29,695, பெண்கள் 6,945! 2019-ஆம் ஆண்டுக் கணக்கிலே, உயிரோடிருந்து உறுப்பு கொடுத்த ஐவரில் நால்வர் பெண்கள்; பெரும்பாலும் மனைவியரும் தாய்மாரும்.

ஆணுக்கு நோய் அதிகமோ? உலகக் கணக்கிலே நாட்பட்ட சிறுநீரக நோய் பெண்களிடமே சற்று அதிகம். "பிள்ளை பெற்றவளுக்குக் கணவன் சிறுநீரகம் ஒத்துக்கொள்ளாது" என்பாரும் உண்டு. பேறுகாலத்திலே கணவன் வழிச் சீட்டுக்கு எதிர்ப்பொருள் உண்டாகலாம் என்பது மெய். ஆனால் அதே 1995 கணக்கிலே, கருவுற்றிருந்த மனைவியர்க்குக் கணவர் தந்தவற்றுள் 76 விழுக்காடு நிலைத்தன. இறந்தோர் தந்தவற்றைவிட மேல்! எதிர்ப்பொருள் உண்டா இல்லையா என்பதைச் சோதனை முன்னமே சொல்லிவிடும். அந்தச் சோதனைக்குக் கணவன் கை நீட்டினானா என்பதே நம் கேள்வி. கணவன் கிடக்கட்டும், அண்ணன் எங்கே, தம்பி எங்கே, தோளுக்கு மேல் வளர்ந்த மகன் எங்கே? உடன்பிறந்தார் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பும், மகன் பாதிப் பொருத்தமும் உடையவர்களாயிற்றே! சொத்துப் பிரிக்கும்போது ஆடிய தசை, சோதனைச் சாலை வாசலிலே ஏன் ஆடவில்லை?

"அவன் சம்பாதிப்பவன், குடும்பம் என்னாவது?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். அடுப்படியும் வயல்வெளியும் அவள் உழைப்பிலே நிற்பதை எந்தக் கணக்கிலே எழுதினீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். தாலி கட்டிய அன்று அன்னியக் குலத்தாள். குழந்தை பெற்றபோதும் அன்னியக் குலத்தாள். சிறுநீரகம் தேவைப்பட்ட அன்று மட்டும் அவள் உடல் உங்கள் குலச் சொத்தா?

அவளாக விரும்பிக் கொடுத்தால் அது அன்பு, அதை வணங்குகிறோம். கேட்கப்படாமலே எடுக்கப்பட்டால் அது வழக்கம், அதை எதிர்க்கிறோம்.

இளைஞர்களே! உங்கள் தெருவிலே ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டது என்று செவியில் விழுந்தால், மனைவியை அழைக்குமுன் அந்த வீட்டு ஆண்களைச் சோதனைக்கு அழையுங்கள். அந்த வீடு உங்கள் வீடாக இருந்தால் வரிசையிலே முதலில் நில்லுங்கள். இறந்தபின் உறுப்பளிக்க இன்றே கையெழுத்திடுங்கள். உங்கள் விருப்பத்தை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். பிறகு யாரேனும் உங்களிடம் இரத்தத்தின் பெருமை பேச வந்தால், கிளாஸ்கோவிலே சகோதரன் கொடுத்த தோல் என்னவாயிற்று என்பதையும், மனைவியர் கொடுத்த சிறுநீரகங்கள் என்னவாயின என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.