ஊழியம் என்ற சொல்லும் நாம் சுற்றிப் பார்க்கும் ஒல்லாந்தர் நகரமும்



கல்விச் சுற்றுலாக் காலம் முடிந்துவிட்டது. நமது முகநூல் முழுக்க காலிக் கோட்டைதான். வெளிச்சவீட்டுக்குக் கீழே ஆசிரியர் குழாம், மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் மாணவிகள், மதிலில் ஏறி நின்று செல்பி. நாமும் போட்டோம். "ஒல்லாந்தர் நகரில் ஒரு நாள்" என்று தலைப்பும் வைத்தோம். லைக்குக்கும் குறைவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்ததை மட்டும் போடவில்லை. இரவு பதினொரு மணி இருக்கும். பின் சீட்டிலிருந்து ஒரு பொடியன் எழும்பி வந்து கேட்டான்: "சேர், ஒல்லாந்தர் அங்க இருந்த நேரம் நம்மட ஆக்கள் எங்க இருந்தாங்க?"

"வியாபாரம் செஞ்சிட்டு இருந்தாங்க. போய்ப் படு" என்றோம்.

இந்தப் பதிவு அந்தப் பதிலுக்கான பாவமன்னிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நம்மைப் பற்றி நம்மைப் பிடிக்காதவர்கள் சொல்வதும் அதைத்தான். "நீங்கள் வியாபாரம் செய்ய வந்தவர்கள்" என்று அவர்கள் சொன்னால் கொதிக்கிறோம். அதையே நமது பிள்ளைக்கு நாம் நமது வாயால் சொல்லிவிட்டு, போய்ப் படு என்கிறோம்.

நம்மட ஆக்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. ஊழியம்.

இன்று நாம் அரச ஊழியர்கள். சம்பளப் பட்டியலில் கையெழுத்து வைக்கிறோம். ஒல்லாந்தர் காலத்தில் அந்தச் சொல்லுக்குச் சம்பளம் கிடையாது. கம்பெனி தனது ஆட்சிப் பகுதியில் சோனகரையும் செட்டிமாரையும் அந்நியர் என்று வகைப்படுத்தியது. அந்நியன் இங்கே குடியிருக்க வேண்டுமானால் அதற்கு ஈடாகக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், அல்லது உழைப்புக்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டும். துறைமுகத்தில் சுமை தூக்குவது, பல்லக்குச் சுமப்பது, கோட்டை வேலை எல்லாம் அதற்குள் அடங்கும். நமது தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்து 'ஊழியம்' என்றே அவர்களும் கணக்கில் எழுதினார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். நம்மை 'அந்நியர்' என்று ஏட்டில் எழுதியது ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த உண்மைக்காக அல்ல. கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு அது ஒரு வசதியான காரணம். 1626இல் போர்த்துக்கேயர் தமது பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கிலே குடியமர்த்தினான். அந்த அரசனுக்கு நாம் குடிமக்கள். கம்பெனிக்கு நாம் அந்நியர். இன்று மேடையில் நின்று நம்மை வந்தேறிகள் என்பவர் தன்னைப் பெரிய தேசபக்தன் என்று நினைக்கிறார். அவர் பேசுவது செனரத்தின் மொழியல்ல, கம்பெனிக் கணக்குப்பிள்ளையின் மொழி. இதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தெரிந்து வைத்திருந்தால் அவனை யாரும் இலேசில் வாயடைக்க வைக்க முடியாது. அந்த அறிவைத்தான் அன்று பஸ்ஸில் நாம் கொடுக்காமல் விட்டோம்.

இன்னும் இருக்கிறது. கொழும்புக் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் காணி வைத்திருக்கக் கூடாது என்று ஒல்லாந்தர் விதித்த தடை, ஆங்கிலேயர் வந்த பிறகும் 1832 வரை ஏட்டில் கிடந்தது. இன்று புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நமது உறவினர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பக்கத்தில் இருக்கும் கொம்பனித்தெருவை எடுங்கள். தமிழில் அது கம்பெனியின் தெரு. ஆங்கிலத்தில் நெடுங்காலம் ஸ்லேவ் ஐலண்ட், அடிமைத் தீவு. இந்தியக் கரையிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிடித்துக்கொண்டு வந்த மனிதர்களைக் கம்பெனி அங்கே அடைத்து வைத்திருந்தது. நமது மலாய்ச் சகோதரர்களின் முன்னோர் பலரும் அதே கப்பல்களில் வந்தவர்கள்தான். நாடு கடத்தப்பட்டவராக, சிப்பாயாக, அடிமையாக.

இதையெல்லாம் மறைத்துவிட்டு "ஒல்லாந்தர் எவ்வளவு அழகாக் கட்டியிருக்காங்க பாருங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவது கல்விச் சுற்றுலா அல்ல. அது வெறும் சுற்றுலா.

காலிக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போக வேண்டும். 1988இலிருந்து அது உலக மரபுரிமை இடம். பழைய வாசலில் உள்ளே பார்த்தபடி ஒரு சேவலும், கம்பெனியின் மூன்றெழுத்துச் சின்னமும், 1669 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கிறது. அதற்குக் கீழே பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுக்கிறோம். அந்த மூன்றெழுத்து ஒரு நாட்டின் பெயரல்ல, 1602இல் தொடங்கிய ஒரு வியாபாரக் கம்பெனியின் பெயர் என்று சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? வியாபாரம் செய்ய வந்து மற்றவனின் நாட்டில் மதில் கட்டியவர் யார் என்று அங்கேயே நின்று கேட்கலாமே. நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அந்த வாசலிலேயே வேறு பக்கம் திரும்பிவிடும்.

அதே கோட்டைக்குள் மீரான் பள்ளிவாசல் இருக்கிறது. லுஹர் தொழுதோம், வுழூச் செய்த தண்ணீரின் குளிர்ச்சியைப் பேசினோம். சுற்றியிருந்த வீடுகளில் நமது சனங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ வீடுகள் கைமாறி ஹோட்டலாகவும் நகைக்கடையாகவும் கோப்பிக்கடையாகவும் ஆகிவிட்டன. விற்றவர்களைக் குறை சொல்ல நாம் யார்? பிள்ளையைக் கரைசேர்க்க ஒரு வாப்பாவுக்குப் பணம் வேண்டும். ஆனால் 'டச்சு நகரம்' என்ற பெயரை எவ்வளவு பளபளப்பாக்குகிறோமோ, அவ்வளவுக்கு அங்கே வாழ்பவன் தனது வீட்டுக்கே வேண்டாதவன் ஆகிறான். பெயரில் இல்லாத மனிதன் கொஞ்சக் காலத்தில் ஊரிலும் இல்லாமல் போவான். திருகோணமலையில் இருந்துகொண்டு நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

இப்போது நமது ஊருக்கு வருவோம்.

இரவு முழுக்க பஸ்ஸில் போய்க் கோட்டை பார்க்கும் நமக்கு, கிண்ணியாப் பாலத்தைக் கடந்தால் அரை மணி நேரத்தில் ஒரு கோட்டை இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை. நமது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "மான் நிக்கிற இடம்" என்பார்கள். "கோணேசர் கோயிலுக்குப் போற வழி" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாமும் அந்த வாசலால் எத்தனை தரம் உள்ளே போயிருக்கிறோம்?

1622இல் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே அங்கே கோட்டை எழுந்தது. இன்றும் வாசல் கல்லில் தமிழ் எழுத்தும் மீன் சின்னமும் இருக்கின்றன. 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். பிறகு 1665இல் தமக்கென்று திருப்பிக் கட்டினார்கள். உள்துறைமுக வாயிலைக் காக்க ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் எழுப்பினார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், பிறகு மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்து, 1795இல் ஆங்கிலேயருக்கே போனது. பிரெட்ரிக் என்ற பெயர் 1803இல் வைத்தது, ஆங்கில இளவரசர் ஒருவரின் பெயர். இவ்வளவு கொடி மாறிய இடத்தில் மாறாமல் இருந்தது ஒன்றுதான். துறையில் சுமை இறக்கியவர்களும் கடலில் வலை போட்டவர்களும் இந்த மண்ணின் ஆக்கள்.

கொட்டியாரக் குடாவையும் மறக்கக் கூடாது. கண்டி இராச்சியம் கடலோடு பேசிய வாசல்களில் அது ஒன்று. பாக்கையும் புடவையையும் மாட்டில் ஏற்றி மலைநாட்டுக்கும் கரைக்கும் நடந்தவர்களில் நமது தவாளக்காரர்கள் இருந்தார்கள். கம்பெனி அந்த வியாபாரத்தைத் தனது ஏகபோகமாக்க நின்றபோது, நேற்றுவரை வியாபாரமாக இருந்தது கள்ளக்கடத்தல் ஆனது. 1766 உடன்படிக்கையில் கரை முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. கடலில்லாத அரசனாகக் கண்டி அரசன் ஆனான். "வியாபாரம் செஞ்சிட்டு இருந்தாங்க" என்று நாம் சொன்ன அந்த ஒற்றை வரிக்குள் இவ்வளவு இழுபறி இருக்கிறது.

சிலர் சொல்லக்கூடும்: "ஒல்லாந்தர் நல்லதும் செஞ்சாங்க தானே." செய்தார்கள். கால்வாய் வெட்டினார்கள், தோம்பு எழுதினார்கள், 1707இல் யாழ்ப்பாணத்தின் தேசவழமையை ஏட்டில் ஏற்றினார்கள். பரீட்சைக்கு அதையெல்லாம் புள்ளி போட்டுப் படிப்பிக்கிறோம். ஊழியத்தையும் ஒரு புள்ளியாகச் சேர்த்துப் படிப்பியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வேறு சிலர்: "பழசக் கிளறி என்ன பிரயோசனம்?" கிளறுவது நாம் அல்ல, அவர்களே. 2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமர் அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை முதலாந் திகதி அவர்களுடைய மன்னரே ஆம்ஸ்டர்டாமில் நின்று கேட்டார். 1765இல் கண்டியிலிருந்து கொள்ளையடித்துப் போன பீரங்கி உட்பட ஆறு பொருள்களை அதே ஆண்டு இலங்கைக்குத் திருப்பித் தந்தார்கள். செய்தவனின் பேரன் வெட்கப்படுகிறான். சுமந்தவனின் பேரன் மதிலைப் பார்த்து "சூப்பரா இருக்கு" என்கிறான்.

மூன்றாவது ஒரு குரல் நமது ஆக்களிடமிருந்தே வரும்: "அது கோயில் இருக்கிற இடம், நமக்கென்ன அங்க வேல?" கோயிலை இடித்தவனும் நம்மை விரட்டியவனும் ஒரே போர்த்துக்கேயன். அந்த மதிலின் கல்லில் தமிழ்ச் சகோதரனின் காயமும் இருக்கிறது, நமது காயமும் இருக்கிறது. அதை ஒருவரை ஒருவர் பார்க்க வைத்துப் படிப்பித்தால் இந்த ஊரில் அரைவாசிச் சண்டைக்கு ஆளிருக்காது.

ஆகவே சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காலிக்குப் பஸ் பேசுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை பிரெட்ரிக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவோம். மானுக்குப் பொலித்தீன் போடாமல் ஒரு சுற்று நடப்போம். வாசல் கல்லைக் காட்டுவோம். டச்சு பே கடற்கரையைக் காட்டி, இந்தப் பெயர் எப்படி வந்தது, அதற்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் யார் என்று கேட்போம். முடிந்தால் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையையும் சேர்த்துக்கொள்வோம். அதற்குப் பிறகு காலிக்குப் போகலாம். வசதியுள்ளவர்கள் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகலாம். அங்கேயுள்ள கால்வாயோர மாளிகைகளின் செல்வத்தில் நமது கறுவாவின் பங்கும் உண்டு என்று தெரிந்துகொண்டு போனால், விருந்தாளியாக அல்ல, கணக்குக் கேட்க வந்தவனாக நிமிர்ந்து நடக்கலாம்.

அந்தப் பொடியனை அடுத்த நாள் வகுப்பில் கூப்பிட்டு ஊழியம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அந்த மதில்ல நம்மட ஆக்கள்ட கையும் இருக்கு, என்ன சேர்?"

இருக்குது மகன். அதை அன்றிரவே சொல்லியிருக்க வேண்டும்.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள அறிவைத் தரட்டும். வஸ்ஸலாம்.