கதவடைப்பும் அடுத்த வண்டியும்



சென்ற திங்கள் ஒரு ஞாயிறு மாலை, எம் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் வாடிய முகத்துடன் வந்து என்னருகே அமர்ந்தார். பகலில் ஓர் அலுவலகத்தில் ஊழியம். இரவில் ஊதியமின்றிக் கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு உழைப்பவர். அத்தகைய மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். அதனை ஆக்குவோர் பல நாட்டினர். ஒருவரை ஒருவர் கண்டறியாதவர்.

பெயர்களைத் தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்கித் தரும் வசதி ஒன்றை அவர் ஒன்றரை மாதம் கண்விழித்து எழுதியிருந்தார். கணினி தன் எண்வரிசைப்படியே எழுத்துகளை அடுக்கினால், ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வந்து நிற்கும். நம் வரிசையிலோ ‘ன’ இறுதி மெய். நம் சங்கத்து உறுப்பினர் பதிவேட்டை எண்ணியே அவர் இதில் இறங்கினார். ஆனால் அனுப்பியபோது, குறித்த நாள் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. “உறைநிலை தொடங்கிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்ப்போம்” என்று பொறுப்பாளர் இரண்டே வரியில் மறுத்துவிட்டார்.

“இரண்டு நாள்தானே, அண்ணாச்சி! தமிழ் என்றால் மட்டும் இத்தனை கண்டிப்பு. இனி எனக்கு இந்த வேலையே வேண்டாம்” என்றார்.

எனக்கும் முதலில் சினமே எழுந்தது. ஆயினும் இரயில்வே எழுத்தனாகிய எனக்கு இது புதிய வழக்கன்று. மே மாதத்தில் நாகர்கோவில் வண்டிக்குச் சார்ட் முடிந்தபின் எத்தனை பேர் சாளரத்தருகே வந்து இதே சொற்களைச் சொல்லியிருக்கின்றனர்! ஒரு பெயரைச் சேர்ப்பது எளிதே. ஆனால் அந்தப் பட்டியலை நம்பி வண்டியில் ஏறிவிட்ட பரிசோதகரையும், அதன்படி இடம் பெற்ற பயணியையும் யார் நினைப்பது?

மென்பொருளிலும் உறைநிலை என்பது அதுவே. குறித்த நாளுக்குப் பின் புதுவசதி எதுவும் ஏற்கப்படாது. உள்ள பிழைகளைக் களைவதே வேலை. இதனால் யாருக்கு நன்மை என்று தம்பி என்னை வினவினார். விடை அவர் கையிலேயே இருந்தது. அதே மென்பொருளின் ஆங்கிலத் தொடர்களைத் தமிழாக்குவோருள் அவரும் ஒருவர்.

க்னோம் என்னும் கணினி முகப்பு ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப்பதிப்புக் காண்கிறது. அங்கே வசதிகளுக்கு மட்டுமன்றித் திரையில் தோன்றும் சொற்றொடர்களுக்கும் உறைநிலை உண்டு. அதன்பின் ஓர் ஆங்கிலத் தொடரை மாற்ற வேண்டுமாயின், மொழிபெயர்ப்புப் பொறுப்பாளர் இருவரின் இசைவு வேண்டும். காரணம் சிறிதன்று. மூலத்தொடரில் ஒரு காற்புள்ளி மாறினாலும், பழைய தமிழாக்கம் ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டுவிடும். எவரேனும் மீண்டும் பார்த்து ஒப்பும்வரை திரையில் ஆங்கிலமே தோன்றும். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இறுதி நாள் மாற்றத்தால் இழப்பில்லை. அலுவல் முடிந்து இரவில் அமரும் தமிழ்த் தொண்டருக்கே இழப்பு. தம்பி கண்டிப்பு என்று நொந்த கதவுதான் தமிழுக்குக் காவலாக நிற்பது.

இதைக் கேட்டுச் சற்று நேரம் அவர் பேசவில்லை.

கதவை அடைப்பது மட்டும் போதுமா எனில், போதாது. அடுத்த வண்டி எப்போது என்பதும் தெரிய வேண்டும். சுனாபட்டி நிலையத்தில் ஓர் உள்ளூர் வண்டி தவறினால் எவரும் அழுவதில்லை. சில நிமிடத்தில் மறு வண்டி வரும். வாரம் ஒருமுறை ஊருக்குச் செல்லும் வண்டியாயின் சன்னல் வழியே பெட்டியைத் திணிப்பர்.

லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவகம் இப்பாடத்தைத் துன்பப்பட்டே கற்றது. 2.4 பதிப்பு 2001 சனவரியில் வந்தது. அடுத்த பெரும்பதிப்புக்கு 2002 அக்டோபர் 31 கடைசி நாள் என்று அறிவித்தனர். அந்நாளுக்குள் ஏறிவிட ஒரே நெரிசல். கதவடைத்தும், 2.6 பதிப்பு வெளிவர 2003 டிசம்பர் ஆயிற்று. இன்றோ இரண்டு வாரம் கதவு திறந்திருக்கும். பின் வாரந்தோறும் சோதனைப் பதிப்புகள். ஒன்பது பத்து வாரத்தில் புதுப்பதிப்பு. தவறினவர் இரண்டு மாதம் பொறுத்தால் போதும்.

டெபியன் குழுவினரும் 2002 சூலைக்கு அடுத்த பதிப்பை 2005 சூனில்தான் தர இயன்றது. இப்போது அவர்கள் கதவைச் சிறுகச் சிறுக மூடுகின்றனர். பதின்மூன்றாம் பதிப்புக்கு 2025 மார்ச் 15 இல் முதற்கட்டம், ஏப்ரல் 15, மே 15 இல் அடுத்தடுத்த இறுக்கங்கள், சூலை 27 இல் முழு உறைநிலை; ஆகஸ்டு 9 இல் பதிப்பு வெளிவந்துவிட்டது. நாட்களை முன்கூட்டியே அறிவித்தமையால் எவர்க்கும் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

விலக்கு அறவே கூடாதென்று நான் சொல்லேன். எங்கள் துறையிலும் அவசர ஒதுக்கீடு உண்டு. அதை யார் தருவது, எதற்குத் தருவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். டெபியனில் விலக்கு வேண்டுவோர், செய்த மாற்றத்தையும் காரணத்தையும் எழுதி வெளியீட்டுக் குழுவிடம் விண்ணப்பிக்கின்றனர். எவரும் அதனைப் படிக்கலாம். தெரிந்தவர்க்கு மட்டும் பக்கவாயில் திறந்தால், மறுநாள் முன்வாயிலில் எவரும் வரிசையில் நிற்கமாட்டார். இது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். இதற்குமேல் நான் எழுதினால் வம்பு!

தம்பியின் பொறுப்பாளரிடம் ஒரு குறை எனக்குண்டு. இரண்டு வரிக்குப் பதில் மூன்றாவது வரி எழுதியிருக்கலாம்: கதவு மீண்டும் திறக்கும் நாளும், அதுவரை இந்நிரலை வைக்கத் தனிக் கிளை ஒன்றும். ஒன்றரை மாத உழைப்பு வந்து நிற்கும்போது, ‘பிறகு’ என்னும் சொல்லுக்குத் தேதி வேண்டும். அதனைக் கேட்டு எழுதுமாறு தம்பியிடம் சொன்னேன். அவர் எழுத, மறுநாளே பதில் வந்தது. தேதியும் வந்தது, கிளையும் கிடைத்தது.

காத்திருந்த நாட்களில் நம் பதிவேட்டைக்கொண்டு அவர் தம் நிரலைச் சோதித்தார். அது அபிராமியை முன்னும் அப்பாதுரையைப் பின்னுமாக நிறுத்தியிருந்தது. புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முன் வர வேண்டும் என்பதை விட்டுவிட்டிருக்கிறார். திருத்தம் முடிந்தது. கதவு திறக்க இன்னும் பதினெட்டு நாள்.