எறிபவன் கையும் எறியும் தட்டும்

மேலை நாடுகளிற் குடியேறிய நம்மவரிடமிருந்து வரும் கடிதங்களில் அண்மைக் காலமாக ஒரு விளையாட்டின் பெயர் அடிபட்டு வருகின்றது. டிஸ்க் கொல்ப் என்பது அதன் பெயர். கொல்ப் ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. பந்துக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. மண்ணிற் குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்தே மறுபடியும் எறிதல் வேண்டும். குறைந்த எறிகளிற் கூடையை அடைந்தவன் வென்றவனாவான்.

அமெரிக்காவிலே கலிபோர்ணியா மாநிலத்தில், பசடீனா நகருக்கு அண்மையிலுள்ள ஓக் குறோவ் பூங்காவில், 1975 ஆம் ஆண்டில் இதற்கெனத் திட்டமிட்ட முதலாவது ஆடுகளம் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்றிக். பிரிஸ்பி என்னும் விளையாட்டுத் தட்டினைத் திருத்தியமைத்து நேராகப் பறக்கச் செய்தவரும் அவரே. சங்கிலிக் கூடையும் அவர் கண்டதே. தாம் இறந்தபின் தமது சாம்பலைப் பிளாஸ்டிக்கிற் கலந்து தட்டுகளாக வார்க்கும்படி அவர் சொல்லிவைத்தார். 2002 இல் அவர் மறைந்தபோது அவ்வாறே செய்தனர். சாம்பலைக் கங்கையிற் கரைக்கும் மரபினரான நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், விரும்பிய காரியத்தோடு கலந்துவிடவேண்டும் என்ற ஆசை எந்நாட்டவர்க்கும் பொதுவன்றோ!

இனி விஷயத்துக்கு வருவோம். நோர்வேயில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர் எழுதியுள்ளார். அவருடைய மகனுக்கு வயது பதின்மூன்று. பிறந்த நாளுக்கு ஒரு தட்டு வேண்டும் என்று கேட்டானாம். தந்தையார் கடைக்குச் சென்று, "வல்லவர்கள் எறியும் தட்டு எது?" என வினவி, விலையுயர்ந்த ஒன்றையே வாங்கிக் கொடுத்தார். பையன் ஆவலுடன் எறிந்தான். தட்டு சிறிது தூரம் சென்று, இடப்பக்கம் சாய்ந்து, பற்றைக்குள் விழுந்தது. மறுநாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. கூட ஆடும் பிள்ளைகள் சிரித்தனர். "எனக்கு இது வராது, அப்பா" என்று சொல்லித் தட்டை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டானாம். "பையனிடம் பலம் இல்லையா, அல்லது முயற்சிதான் இல்லையா, சேர்?" என்று கேட்கின்றார் தந்தை.

இரண்டிலும் குறையில்லை என்பதே எமது விடை. குறை, தட்டுக்கும் கைக்கும் பொருத்தம் பாராமையிலேயே உள்ளது. சாதகப் பொருத்தம் பார்ப்பதில் நாம் காட்டும் கவனத்திற் பத்தில் ஒரு பங்கை இதிலே காட்டினாற் போதும்.

நமது கல்லூரிகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளை எண்ணிப் பாருங்கள். வளர்ந்த ஆடவர் எறியும் பரிதிவட்டம் 2 கிலோகிராம் நிறையுடையது. பெண்கள் எறிவது 1 கிலோகிராம். பதின்மூன்று வயதுச் சிறுவன் கையில் 2 கிலோகிராம் வட்டத்தை எந்த விளையாட்டாசிரியரும் கொடுக்கமாட்டார். கொடுத்தாலும் தூக்கிய கணமே, "இது எனக்குரியதன்று" என்று கை சொல்லிவிடும். டிஸ்க் கொல்ப் தட்டிலோ இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. வல்லவன் தட்டும் புதியவன் தட்டும் ஏறக்குறைய ஒரே நிறையாக இருத்தல் கூடும். வேறுபாடு விளிம்பின் வடிவத்தில் மறைந்து கிடக்கின்றது. கண்ணுக்கும் கைக்கும் அது எளிதிற் புலப்படாது.

அதனை வெளிப்படுத்தவே தட்டின் மேல் நான்கு எண்களைப் பொறிக்கின்றனர். 1983 ஆம் ஆண்டில் டேவ் டனிப்பேஸ் என்பவர் ஈகிள் என்னும் தட்டைச் செய்தார். விளிம்பைக் கத்திபோற் சரித்துச் செதுக்கிய முதற் கொல்ப் தட்டு அதுவே. அவருடைய இன்னோவா நிறுவனம் வகுத்த இந்த நான்கெண் முறையைப் பிற நிறுவனத்தார் பலரும் கைக்கொண்டுள்ளனர். எண்கள் முறையே வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு என்பனவற்றைக் குறிக்கும்.

முதலெண்ணாகிய வேகத்திலேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். 12 என்று பொறித்திருந்தால் அத்தட்டு மிக விரைவாகப் பறக்கும் எனப் பொருள் கொள்கின்றனர். உண்மையில் அந்த எண், தட்டு எறிபவனிடம் கேட்கும் விலையாகும். "இத்துணை வேகத்தில் என்னை எறிந்தால் எனக்குரிய பாதையிற் பறப்பேன், எறியாவிடின் பறவேன்" என்பதே அதன் பேச்சு. மிதப்பு, தட்டு காற்றில் நிற்குந் தன்மை. திருப்பம், வேகம் மிகுந்துள்ள தொடக்கத்திலே தட்டு வலப்பக்கம் சாயும் அளவு. கழித்தற் குறியோடு எண் பெருகப் பெருகச் சாய்வும் பெருகும். சரிவு, வேகம் தணிந்தபின் இடப்பக்கம் விழும் அளவு. இவையெல்லாம் வலக்கையைப் புறமாக வீசி எறிபவனுக்குச் சொன்னவை. இடக்கைக்காரர் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றிக் கொள்க.

தட்டு ஏன் இவ்வாறு இருபுறமும் சாய்கின்றது? நம் வீட்டு முற்றத்துப் பம்பரமே விடை சொல்லும். சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் சாய்க்க முயன்றால், அது அப்பக்கம் விழாமற் குறுக்கே திரும்புகின்றது. சுழலும் தட்டும் அப்படியே. வேகம் மிகுந்திருக்கும்போது காற்றின் உயர்த்தும் விசை தட்டின் நடுவுக்குப் பின்னே தாக்கி, முன் விளிம்பைத் தாழ்த்த முயலும். சுழற்சியினால் அம்முயற்சி வலப்பக்கச் சாய்வாக மாறும். வேகம் தணிந்து தட்டு இறங்கத் தொடங்கினால், விசை நடுவுக்கு முன்னே நகர்ந்து முன் விளிம்பை உயர்த்த முயலும். அது இடப்பக்கச் சாய்வாக முடியும். கை வலியவன் எறிந்த தட்டு முதலில் வலம் சென்று, பின் இடம் திரும்பி, நீண்டதொரு வளைவைக் காட்டி விழும். வலியில்லாதவன் எறிந்தால் முதற்பகுதி நிகழ்வதே இல்லை. நோர்வேச் சிறுவனின் தட்டு செய்ததும் இதுவே.

டிஸ்ட்ரோயர் என்னும் புகழ்பெற்ற தட்டின் எண்கள் 12, 5, கழித்தல் 1, 3 என்பன. லெப்பர்ட் என்னும் தட்டுக்கு 6, 5, கழித்தல் 2, 1. மிதப்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதைக் கவனிக்க. ஆனால் லெப்பர்ட் கேட்கும் வேகம் பாதி. இடப்பக்கம் விழும் அளவு மூன்றில் ஒன்று. புதியவன் இவ்விரண்டையும் ஒரே இடத்தில் நின்று எறிந்தால், லெப்பர்ட்டே பெரும்பாலும் அப்பாற் செல்லும். விளிம்பின் அகலத்தையும் நோக்குதல் வேண்டும். டிஸ்ட்ரோயரின் விளிம்பு 2.2 சதமமீற்றர். சிறுவனின் விரல்கள் அதனை வளைத்துப் பற்ற இயலாமல் நழுவும்.

வீண் செலவு ஒருபுறமிருக்க, பொருந்தாத தட்டினால் வரும் பெருங்கேடு வேறொன்று. இடப்பக்கம் விழுந்துகொண்டேயிருக்கும் தட்டைத் தடுக்க எண்ணி, பழகுபவன் தன்னையறியாமலே மணிக்கட்டைத் திருப்பி, தட்டின் வல விளிம்பைத் தாழ்த்தி எறியத் தொடங்குகின்றான். தூரம் வேண்டுமென்று தோளையும் முழங்கையையும் வருத்துகின்றான். பிழையான எறி பழக்கமாய் ஊறியபின் அதனைக் களைதல், பிழையான கையெழுத்தைத் திருத்துவதிலும் கடினம். கரும்பலகைக்கு முன் நின்ற எமக்கு அதன் வருத்தம் தெரியும்.

ஆதலால் முதலில் வாங்கத் தகுந்தது, அருகிலிருந்து கூடைக்கு இடும் தட்டே. அதனைப் பட்டர் என்பர்; பாணிற் பூசும் பட்டரோடு இதற்கு யாதொரு உறவும் இல்லை. ஏவியார் என்னும் தட்டு இவ்வகையைச் சேர்ந்தது. எண்கள் 2, 3, 0, 1. இதைக்கொண்டு முழுத் தூரமும் எறிந்து பழகலாம். தட்டு நடுங்கினாலோ மூக்கு உயர்ந்தாலோ உடனே காட்டிக்கொடுத்துவிடும் கண்டிப்பான ஆசான் இது. வேகத்தட்டோ எல்லாப் பிழைகளையும் ஒரே இடப்பக்கச் சரிவுக்குள் மூடி மறைத்துவிடும். பட்டருடன் 4 அல்லது 5 வேகமுள்ள இடைத்தூரத் தட்டு ஒன்றும், லெப்பர்ட் போன்ற ஒன்றும் இருந்தால் முதலாண்டுக்குப் போதும். மெதுவான தட்டுகளால் ஏறக்குறைய 90 மீற்றர் நேராக எறியும் வரை, 10 க்கு மேற்பட்ட வேகத்தட்டாற் பயனில்லை என்பது ஆடுவோரிடையே வழங்கும் பொதுக் கணக்கு. தானே சோதிக்க விரும்புபவன் 7 வேகத் தட்டையும் 12 வேகத் தட்டையும் ஐந்தைந்து முறை எறிந்து அளக்கட்டும். இரண்டும் ஒரே தூரத்தில் விழுந்தால், பெரிய தட்டுக்குக் காலம் வரவில்லை என்று கொள்க.

வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் அதனை அரசர்க்கே சொன்னார். தட்டு வாங்கும் தந்தையர்க்கும் அது பொருந்தும் என்பது எமது துணிபு.

நிறையைப் பற்றியும் ஒரு சொல். விட்டத்தின் ஒவ்வொரு சதமமீற்றருக்கும் 8.3 கிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. எனவே 21 சதமமீற்றர் அகலமுள்ள தட்டு சுமார் 175 கிராம் வரை போகலாம். சிறுவர்க்கும் மெலிந்த கையினர்க்கும் 150 கிராமை அண்டியது நன்று. ஒரே பலத்தோடு எறியினும் இலேசான தட்டு கூடிய வேகம் பெறும். பலத்த காற்றில் அலைக்கழியும் என்பதே அதன் குறை. எதிர்க்காற்று, தட்டு உணரும் வேகத்தைக் கூட்டுவதால் வலப்பக்கச் சாய்வு மிகும். பின்காற்றில் அது குறையும். அமைதியான காலை வேளையிற் பழகுவோர் இக்குழப்பத்திலிருந்து தப்பலாம்.

புதுத்தட்டே வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. மரங்களில் மோதி மோதி விளிம்பு தேய்ந்த பழைய தட்டு, புதிதாயிருந்த காலத்திலும் பார்க்க இடப்பக்கம் விழுதல் குறைந்து, மெலிந்த கைக்கும் இணங்கி வரும். அண்ணன் எறிந்து தேய்த்ததைத் தம்பி பெற்றுக்கொள்ளல் இவ்விளையாட்டிலே இலாபமே. அலுமாரிக்கு மேலேயுள்ள தட்டைத் தந்தையார் இப்போதைக்கு அங்கேயே விட்டுவைக்கலாம். இன்னும் சில ஆண்டுகளிற் பையனே அதனைத் தேடி எடுப்பான். புதிய பட்டரை வாங்கியவுடன் அதன் அடிப்பக்கத்திற் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழியாத மையினால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பற்றையிலும் குளத்திலும் தொலைந்த தட்டுகளைக் கண்டெடுப்போர் உரியவரை அழைத்துக் கொடுப்பது ஆடுவோர் பலரும் பேணும் நல்வழக்கம்.