‘அந்தப் புத்தகம் இருக்கா மேடம்?’

காவிரிக் கடைமடையில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர் நான். எங்கள் நூலகத்துக்கு முகநூல் பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, கூகுள் தாளில் நூல் பட்டியல் இருக்கிறது. ‘நமக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை’ என்று கேட்கும் சக நூலகர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். இவற்றால் உருப்படியாக ஒரு காரியம் நடக்கிறது. வாசகர் தன் வீட்டில் இருந்தபடியே ‘அந்தப் புத்தகம் இருக்கா மேடம்?’ என்று கேட்கிறார், நான் பார்த்துப் பதில் சொல்கிறேன். இந்த ஒன்றுக்காகவே இதையெல்லாம் செய்யலாம். இதற்கு உதவாத எதற்கும் நூலகர் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

தலைவர்கள் பிறந்தநாள், பொங்கல் வாழ்த்து, உலகப் புத்தக நாள் என்று வண்ணப் படம் செய்து முகநூலில் போட்டால் விருப்பக்குறி வந்து குவியும். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் நூலகப் படியேறியவர் என்று யாரையும் நான் கண்டதில்லை. புதுவரவு வந்த அன்று, நூல்களை மேசைமேல் முதுகு தெரிய அடுக்கி ஒரு படம் எடுத்து அனுப்பினால் கதை வேறு. விரலால் இழுத்துப் பெரிதாக்கி ஒவ்வொரு முதுகாகப் படிக்கிறார்கள். ‘மேலேருந்து மூணாவது, பச்சை அட்டை, அது கண்மணி குணசேகரனா மேடம்? சாயங்காலம் வரேன், எடுத்து வைங்க’ என்று செய்தி வருகிறது. வெளிச்சம் சரியில்லாத, அழகே இல்லாத படம்தான். அதற்குத்தான் ஆள் வருகிறது.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு வாசகியைச் சொல்ல வேண்டும். அவர் கடையிலிருந்து வெளியே வரும் நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் அவருக்கென்று இருப்பது. முன்பெல்லாம் அந்த அரை நாளில் பஸ் பிடித்து வந்து, தேடிய நூல் இரவலில் போயிருப்பது தெரிந்து, கையில் கிடைத்த எதையோ எடுத்துக்கொண்டு போவார். இப்போது சனிக்கிழமை இரவே குரல் செய்தி வந்துவிடும்: ‘பொன்னியின் செல்வன் மூணாம் பாகம் திரும்பி வந்துடுச்சா மேடம்? வந்திருந்தா யாருக்கும் குடுத்துடாதீங்க.’ நூலில் அவருடைய உறுப்பினர் எண்ணை எழுதிய துண்டுச்சீட்டைச் செருகி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவேன். காலையில் வந்தால் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடலாம்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்த வாசகி மிச்சம்பிடிக்கும் அரை நாளில்தான் அந்த விதி எனக்கு முழுதாக விளங்கியது. அதே 1931-இல்தான் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் இருக்கும் இடத்துக்கு நூலகம் போக வேண்டும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்து மண்ணுக்குப் புதிதில்லை. இன்றைக்கு வாசகர் இருக்கும் இடங்களில் செல்பேசியும் ஒன்று, அவ்வளவுதான்.

‘இருக்கா’ என்று கேட்பவருக்கு ‘இருக்கு’ என்று சொல்ல, என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல கிளை நூலகங்களில் நூல் பட்டியல் என்பது நூலகரின் நினைவுதான். பதிவேடு உண்டு, ஆனால் அது நூல்கள் வந்து சேர்ந்த வரிசையில் எழுதப்பட்டது. நாஞ்சில் நாடனின் நூல்கள் எவையெவை உள்ளன என்று கேட்டால் பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை, அலமாரிக்குத்தான் நடக்க வேண்டும். நூலகர் மாற்றலாகிப் போனால் அந்த நினைவும் கூடவே போய்விடும். அதனால் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் சிலரை உட்கார வைத்து, தலைப்பு, ஆசிரியர், பதிவு எண், அலமாரி என்று ஒவ்வொரு நூலாகக் கூகுள் தாளில் ஏற்றினோம். கதைப் பகுதியை முதலில் எடுத்தோம். போட்டித் தேர்வு நூல்களைக் கடைசிக்குத் தள்ளினோம், பாடத்திட்டம் மாறினால் அவற்றுக்கு ஆயுசு முடிந்துவிடும்.

தமிழில் நூல் தேடுவதில் உள்ள சிக்கல் இந்த வேலையில் இறங்கினால்தான் தெரியும். தி. ஜானகிராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து, புள்ளி, இடைவெளி என்று ஒருவர் அடிப்பார். இடைவெளி இல்லாமல் இன்னொருவர் அடிப்பார். புள்ளியையே விட்டுவிடுகிறவர் உண்டு. அட்டையில் உள்ளபடி அடித்தால் ஒரு மாதிரி, நூலக முறைப்படி தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளினால் வேறு மாதிரி. வாசகர் தேடுவதோ ‘திஜா’ என்று. கணினிக்கு இத்தனையும் தனித்தனி ஆட்கள். அடுத்தது புனைபெயர். வண்ணதாசன் கதைகளைத் தேடி வருகிறவருக்கு கல்யாண்ஜியின் கவிதைகளும் அவருடையவைதான் என்று பட்டியல் காட்டிக்கொடுக்க வேண்டாமா? புதுமைப்பித்தனையும் சொ. விருத்தாசலத்தையும் சேர்த்துவைக்க வேண்டாமா? தலைப்பெழுத்து இல்லாத பெயருக்குத் தனியாக ஒரு பத்தியும், மற்றப் பெயர்களுக்கு இன்னொரு பத்தியும் போட்டோம். அதன் பிறகுதான் தேடியது கிடைக்கத் தொடங்கியது. பதிவேட்டில் கோணல்மாணலாக எழுதப்பட்டிருந்த பெயர்களை அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தியவள் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். எங்கள் கதைப் பகுதியில் என்ன இருக்கிறது என்பது இன்றைக்கு அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல்கள் இன்னொரு தலைவலி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும், எதைத் தேடினாலும் அகப்படாது. தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடைபட்ட பட்டியல்கள் அலுவலகக் கணினிகளில் இன்னும் கிடக்கின்றன. யாரோ ஒரு நூலகர் கண் நோக அடித்து வைத்த உழைப்பு அது.

எங்கள் நூலகத்துக்கு வாட்ஸ்அப் குழு கிடையாது. யோசித்து எடுத்த முடிவு இது. குழுவில் சேர்ந்தவர் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். ஊர்க் குழு ஒன்றில் தன் எண்ணை எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஆள் இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியதால் எண்ணையே மாற்றிக்கொண்டதாக ஒரு வாசகி என்னிடம் சொன்னார். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. நூலக மேசையில் ஒரு பெண் விவாகரத்துச் சட்டம் பற்றிய நூலைக் கேட்டால் அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த செய்தி. அதையே குழுவில் கேட்டால் அவருடைய கொழுந்தனாரும் படிப்பார். மன அழுத்தம் பற்றிய நூலைத் தேடும் இளைஞன் குழுவில் வாயைத் திறக்கவே மாட்டான். யார் எதைப் படிக்கிறார் என்பதை வெளியே சொல்லாதிருப்பது நூலகரின் முதல் ஒழுக்கம். கருவி புதிது என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது.

2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனல் இதற்குத் தோதாக இருக்கிறது. அதைப் பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. புதுவரவுப் படமும் விடுமுறை அறிவிப்பும் அதில் போகும். கேள்வி கேட்க நினைப்பவர் நேரே எனக்கு அனுப்பிக்கொள்வார். அதற்கு முன்பிருந்த மொத்தச் செய்திப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, என் எண்ணைத் தங்கள் செல்பேசியில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

டெலிகிராமில் இறக்கிய பிடிஎஃப் நாவலை எனக்கே அனுப்பி, ‘எல்லாருக்கும் போடுங்க மேடம்’ என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். நான் போடுவதில்லை, ஏன் என்றும் சொல்லிவிடுவேன். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. 2008-இல் மறைந்த சுஜாதாவின் நூல்களுக்கு 2068 முடியும்வரை, 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணனின் நூல்களுக்கு 2081 முடியும்வரை. இருக்கிற எழுத்தாளரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நூலகம் திருட்டுப் பிரதியைப் பரப்பினால் அந்த எழுத்தாளரின் அடுத்த நூலை வாங்கி அலமாரியில் வைக்கும் யோக்கியதை அதற்கு இல்லை.

சட்டப்படி இலவசமாகப் படிக்க எவ்வளவோ இருக்கும்போது திருட்டுப் பிரதிக்கு அவசியமும் இல்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களும் பழைய இதழ்களும் இருக்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் எழுத்து எழுத்தாகத் தேடக்கூடிய வடிவில் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஈழ இலக்கியத்தில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ இதழ்களைத் தேடி எங்கெங்கோ அலைந்து கடைசியில் இங்கே வந்தார். எங்களிடம் ஒரு பிரதிகூட இல்லை. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தை நூலகக் கணினியிலேயே திறந்து காட்டினேன். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை இழந்த சமூகம், பிற்பாடு இணையத்தில் கட்டிய நூலகம் அது. மூடும் நேரம் வரை அந்தப் பிள்ளை நாற்காலியை விட்டு எழவில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய நூல் பட்டியலோடு இப்போது கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். அப்படி ஒரு பட்டியலில் ஆசிரியர் பெயர் அசல், பதிப்பகம் அசல், அந்தத் தலைப்பில் மட்டும் அவர் நூலே எழுதியதில்லை. பதிப்பகப் பட்டியலைத் திறந்து காட்டியபோது அந்த மாணவி திகைத்துப் போனாள். ‘இருக்கா’ என்ற கேள்விக்கு, எழுந்து போய் அலமாரியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் ஆள் இனிமேல்தான் அதிகம் தேவைப்படுவார்.

முகநூலை நான் இன்னும் வைத்திருப்பது வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்களுக்காக. ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேரலாம் என்ற விவரத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் தன் அப்பா பெயரில் கட்டினார். சிறுவயதில் அப்பாவோடு இங்கே ‘அம்புலிமாமா’ படிக்க வந்தவராம். அங்கே தேசிய நூலகத்தின் மின்னூல்களைச் செல்பேசியிலேயே இரவல் எடுப்பதாகவும், நம் ஊரில் அது எப்போது வரும் என்றும் கேட்டிருந்தார்.

இனி, இத்தனையும் எதை நம்பி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செல்பேசி என்னுடையது. எண் என்னுடையது. மாதாமாதம் ரீசார்ஜ் என் சம்பளத்தில். இரவு ஒன்பது மணிக்கு வரும் கேள்விக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பதில் போடுவதும் என் விருப்பத்தில்தான். நாளைக்கு எனக்கு மாற்றல் வந்தால் அந்த வாசகர்கள் அனைவரும் என் எண்ணோடு என் புது ஊருக்கு வந்துவிடுவார்கள், இந்த நூலகத்துக்கு ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். தமிழகத்தின் பல கிளை நூலகங்களில் ஆர்வமுள்ள நூலகர்கள் இப்படித்தான் தனித்தனியாகச் சொந்தச் செலவில் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். தனியாளின் ஆர்வத்தை நம்பி ஒரு பொதுச்சேவை ஓடக் கூடாது.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் துறையின் பெயரில் ஒரு செல்பேசி எண் வேண்டும், நூலகர் மாறினாலும் எண் மாறக் கூடாது. வாசகரின் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம் பணிநேரமாகக் கணக்கில் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாநிலத்தில் உள்ள 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களின் நூல்களையும் ஒரே இடத்தில், ஒருங்குறியில், புனைபெயரும் தலைப்பெழுத்தும் ஒழுங்காகத் தேடும்படி பட்டியல் வேண்டும். கோஹா என்ற நூலக மென்பொருள் நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 முதல் உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. மென்பொருளுக்குக் காசு வேண்டாம். அடிக்க ஆளும், மேற்பார்க்க ஒரு நூலகரும், முடிக்கும் வரை விடாத ஓர் அதிகாரியும் போதும்.

1948-இன் மதராஸ் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த நூலக வரியாக, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இந்த வாரம் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், படிக்க ஆசைப்படும் ஒரு நூலின் பெயரைச் சொல்லி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எந்த நூலகத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நூலகரால் பதில் சொல்ல முடியாவிட்டால் அவரிடம் கோபப்படாதீர்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.